தூக்கிவிட்டுப் பார்த்த வைப்பர்

காலை ஆறு இருபது. டிப்போவின் பெரிய கேட் பாதி திறந்திருந்தது. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதன் முன்கண்ணாடி. சாம்பலும் மழைத்தண்ணீரும் குழைந்த சேறு கண்ணாடி முழுக்க அப்பியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் துடைத்த தடம் தெரிந்தது. அந்தத் தடம் முடிந்த இடத்தில், கண்ணாடியின் நடுவே, இரண்டு வைப்பர்களும் நெட்டுக்குத்தாக நின்றிருந்தன. இடது பக்க விளக்கு உடைந்திருந்தது. பம்பர் இடுக்கில் மீன்கூடையின் நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று மாட்டியிருந்தது.

நேரத்தை இவ்வளவு சரியாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு மாலைப் பத்திரிகைக்குத் திருவொற்றியூர், எண்ணூர்ச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் முதலில் மணியை எழுது, அடுத்து நீ கண்டதை எழுது, பிறர் சொன்னது அதற்கப்புறம்தான் என்று அங்கிருந்த செய்தி ஆசிரியர் பழக்கியிருந்தார். அன்றும் சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டில் எழுதினேன். “6.20. வைப்பர் நடுக்கண்ணாடியில். வைப்பர் ஸ்விட்ச் ஆன்.” அந்தப் பக்கத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, கார் வைப்பரில் வரும் எலக்ட்ரிக்கல் பழுதுகளைக் கண்டுபிடிக்கும் முறையை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். இப்போது வரும் சில கார்களில் கண்ணாடியில் துளி விழுந்ததும் வைப்பர் தானாக ஓடுகிறது. கம்ப்யூட்டரைச் செருகினால் பழுதின் எண்ணைத் திரையில் காட்டுகிறது. ஆனாலும் வேலையில் இருக்கும் பையன்கள் நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள், அதுவும் ஓடாமல் நிற்கிறது என்றார் அவர். முறையை எழுத ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை இந்தக் காரைச் சொல்லாமல் எழுத என்னால் முடியவில்லை.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நான்கு வருடம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே டிப்போதான். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒப்பந்தக் கம்பெனி அது. இன்ஜினியர்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் கார்களெல்லாம் எங்கள் டிப்போவில் நிற்கும். கார்களின் வயரிங் முழுவதும் என் பொறுப்பு.

எனக்கு மேலே ஃபோர்மேன் அருளப்பன் சார். ராயபுரத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வேலை முடிந்து ஜாப் கார்டை நீட்டினால், வாங்கிக்கொண்டு கையில் இருக்கும் பேனாவை மூடிவிடுவார். மூடிய பேனாவோடுதான் கேள்வி கேட்பார். பதில் அவருக்குச் சரியாகப் பட்டால் மூடியைத் திறந்து கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் கார்டு நம் கைக்கே திரும்பி வரும். ‘பார்த்தேன்’ என்ற சொல்லை மட்டும் அவர் ஏற்கவே மாட்டார்.

“கண்ணால பாத்தியா, ஓடவுட்டுப் பாத்தியா?” என்பார்.

ஓடவிட்டுப் பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி வரும்: “சும்மா ஓடவுட்டா, லோடுல ஓடவுட்டா?”

வைப்பர் விஷயத்தில் அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாம். வைப்பர் ஓடவில்லை என்றால் ஃபியூஸைப் பார்க்கிறோம். பிறகு ஸ்விட்ச், ரிலே. அதன் பிறகு மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைக்கிறோம். பன்னிரண்டு வோல்ட் காட்டினால் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். மோட்டாருக்குப் போன கரண்ட் காரின் உடல் வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். மோட்டாரின் எர்த் ஒயரை உடலோடு இறுக்கியிருக்கும் போல்ட் துருப்பிடித்தால் வழி குறுகிவிடும். லேசான வேலைக்கு அந்தக் குறுகிய வழி போதும். பளு, அதாவது லோடு, ஏறினால் போதாது.

அதனால் அருளப்பன் சாரின் முறை இது. முதலில் ஒரு வாளித் தண்ணீரால் கண்ணாடியைக் கழுவ வேண்டும். வைப்பரைக் கண்ணாடியின் மேலேயே வைத்து ஓடவிட வேண்டும். ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் உடலிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இந்தச் சோதனையைச் செய்வதும் செய்யாமல் இருப்பதும் ஒன்றுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காரில் ஹாரன் அடித்தால் வைப்பர் ஒரு துள்ளு துள்ளி நின்றது. நான் ஸ்விட்ச்சைக் கழற்றி அரை நாள் மல்லாடினேன். அருளப்பன் சார் வந்து இரண்டு முறை ஹாரன் அடித்தார். பானெட்டைத் திறந்து ஒரே ஒரு போல்ட்டைக் காட்டினார். இரண்டுக்கும் எர்த் அங்கேதான். ஹாரனுக்குப் போன கரண்டுக்குத் திரும்ப வழியில்லாமல் வைப்பர் மோட்டாருக்குள் புகுந்து போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் சரியானது. எர்த் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் இதையும் எழுதினேன்.

எண்ணூர்ப் பக்கம் நிற்கும் கார்களின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். விடியற்காலையில் விரலால் கோடு போடலாம். உலர்ந்த சாம்பலின் மேல் வைப்பரை ஓடவிட்டால் கண்ணாடி கீறிப்போகும். கீறல் விழுந்தால் மெமோ வரும். அதனால் எங்கள் டிப்போவில் ஒரு பழக்கம் இருந்தது. சோதிக்கும் முன் வைப்பரின் இரண்டு கைகளையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிடுவோம். கைகள் காற்றில் ஆடும், மோட்டார் ஓடும், சரி என்று எழுதிவிடுவோம். தண்ணீர்த் தொட்டி யார்டின் மறுகோடியில் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகச் சோம்பல். அருளப்பன் சார் பக்கத்தில் நின்றால் வாளி வரும். அவர் இல்லாவிட்டால் தூக்கிவிட்டுத்தான் பார்ப்போம்.

அந்த வெள்ளைக் காரின் டிரைவர் துலுக்காணம். எண்ணூரில் ஒரு மீனவர் குப்பத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வீட்டில் முதன்முதலாகக் கடலுக்குப் போகாமல் கம்பெனிச் சட்டை போட்டவர் அவர்தான். அதை அவர் தினமும் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்துவார். அந்த வருடம் மழை தொடங்கிய வாரத்தில் புகார்ப் புத்தகத்தில் எழுதினார்: “தூறலில் வைப்பர் நிற்கிறது.” நான் கைகளைத் தூக்கிவிட்டு ஓடவிட்டேன். ஓடியது. ‘குறை இல்லை’ என்று எழுதினேன்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் எழுதினார். மறுபடியும் தூக்கிவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஓடியது.

மூன்றாவது முறை எழுதாமல் நேரே என் பெஞ்சுக்கு வந்தார்.

“இன்னா மாமு, எத்தினி வாட்டி சொல்றது? மழ வலுத்தா ஓடுது. தூறல் போட்டா சாம்பல் கொழகொழன்னு ஆயிக்கினு பாதில நின்னுக்குது. நீ பாத்தா மட்டும் ஓடுதே, உன்னாண்ட பயமா அதுக்கு?”

அவர் சொன்னதிலேயே பழுது முழுக்க இருந்தது. பெருமழை கண்ணாடியைக் கழுவிவிடுகிறது, பளு குறைகிறது. தூறல் சாம்பலைச் சேறாக்குகிறது, பளு ஏறுகிறது. பளு ஏறினால் நிற்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு டிரைவர் சொல்ல முடியாது. நானோ சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“மழையில வண்டி எடுக்க கஷ்டமா கீதுன்னா நேரா சொல்லு நைனா. வைப்பர் மேல ஏன் பழி போடற? நீ வெயில் டிரைவர்னு ஆபீஸ்ல சொல்லிடறேன், வெயில் டூட்டியாப் பாத்துக் குடுப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். துலுக்காணமும் கொஞ்சம் சிரித்தார். அன்றிலிருந்து டிப்போவில் அவருக்கு ‘வெயில் டிரைவர்’ என்று பேர் நின்றது. வைத்தவன் நான்.

மூன்று முறை புகார் வந்த வண்டி என்பதால் ஜாப் கார்டு அருளப்பன் சாரிடம் போக வேண்டும். கொண்டுபோனேன். பேனாவை மூடினார்.

“லோடுல பாத்தியா?”

“பார்த்தேன் சார்.”

வெறும் ‘பார்த்தேன்’ அவருக்குப் போதாது என்று முன்பே எழுதினேன். அன்று அவர் கேட்டது லோடு பற்றி. என் பதில் அதற்கானதாக அமைந்துவிட்டது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அதற்கு ஆறாம் நாள் விடியற்காலை, ஷிப்ட் இன்ஜினியரை அழைத்துவரப் போகும் வழியில், எண்ணூர் விரைவுச் சாலையில் துலுக்காணத்தின் கார் ஒரு பெண்மணியின் மேல் மோதியது. தூறல். வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. எதிரே ஒன்றும் தெரியாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியிருக்கிறார். காசிமேட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவுக்காகக் கூடையோடு அந்த ஓரத்தில் நின்றிருந்தவர் பஞ்சவர்ணம். துலுக்காணத்தின் குப்பத்துக்காரர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். இடுப்பெலும்பு உடைந்தது. துலுக்காணமே அவரைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். காரைக் கட்டி இழுத்து வந்து டிப்போவில் விட்டிருந்தார்கள். இவையெல்லாம் வாட்ச்மேன் சொல்லி எனக்குத் தெரிந்தவை. நான் கண்டதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கார்க் கதவைத் திறந்தேன். சாவி தொங்கியது. வைப்பர் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு செய்ததை இத்தனை வருடமாக எனக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நடந்தது இதுதான். வைப்பர் கைகள் இரண்டையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். கைகள் காற்றில் ஓடின. ஸ்விட்ச்சை அணைத்தேன். அணைத்தால் வைப்பர் கீழே இறங்கித் தன் இடத்தில் படுக்கும். அப்படியே இறங்கிப் படுத்தது. கைகளைக் கண்ணாடியில் சாய்த்தேன். பழக்கத்தில் செய்தேன். ஆனால் ஸ்விட்ச்சை அணைக்கும்போது என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

எட்டு மணிக்குக் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். அதற்குள் மழை வலுத்துக் கண்ணாடிச் சேற்றையும் கழுவியிருந்தது. காரைப் போட்டோ எடுத்தார். போட்டோவில் வைப்பர் கீழே படுத்திருந்தது, ஸ்விட்ச் அணைந்திருந்தது.

மூன்று நாள் கழித்து விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் அருளப்பன் சார், நான், துலுக்காணம். துலுக்காணம் இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டையில் வந்திருந்தார். வைப்பர் போட்டேன் சார், பாதியில நின்னுக்கிச்சு, மூணு வாட்டி சொல்லிக்கீறேன் என்று நிதானமாகச் சொன்னார். அதிகாரி போட்டோவை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வைப்பரில் குறை இருந்ததா என்று அதிகாரி என்னைக் கேட்டார். இல்லை சார் என்றேன்.

அவர் அருளப்பன் சாரைப் பார்த்தார். சார் ஜாப் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். “என் ஆளு லோடுல பாத்துட்டான் சார். அவன் பாத்தேன்னு சொன்னா பாத்ததுதான்” என்றார்.

அறிக்கையில் டிரைவர் வைப்பரை இயக்காமல் ஓட்டியதாக எழுதினார்கள். மழை நாட்களில் வேலையைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் உள்ளவர் என்று ஒரு வரியும் இருந்தது. ‘வெயில் டிரைவர்’ என்ற பேர் அதிகாரியின் காதுக்கும் போயிருந்தது. ஒப்பந்த டிரைவர் என்பதால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு தாளில் முடித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில் டிப்போ காலியாக இருந்தபோது, யார்டின் மறுகோடிக்குப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். கண்ணாடியின் மேல் சாம்பலைக் குழைத்துப் பூசினேன். கைகளைத் தூக்காமல் ஸ்விட்ச் போட்டேன். மூன்றாவது வீச்சில் வைப்பர் தளர்ந்து நடுவில் நின்றது. மீட்டரை வைத்தேன். எர்த்தில் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வைப்பர் மோட்டாருக்குக் கீழே, தண்ணீர் வடியும் மூலையில் இருந்தது அந்த போல்ட். அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஒயரின் முனையைத் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. புது முனை அடித்து, தகட்டைத் தேய்த்து, புது போல்ட் போட்டு கிரீஸ் தடவினேன். ஜாப் கார்டு எழுதவில்லை. அருளப்பன் சார் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அவர் இறந்தும் சில வருடம் ஆகிறது. அவரிடமும் சொல்லவில்லை.

சங்கத்துக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் துலுக்காணத்தைத் தேடிப் போனேன். காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் இருப்பதாகச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனேன். பாளம் பாளமாக ஐஸைக் கொக்கியால் இழுத்து உடைக்கும் மெஷினில் தள்ளிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கிவிட்டுப் பார்த்தது, சாரிடம் சொன்ன பொய், ஸ்விட்ச்சை அணைத்தது, போல்ட் மாற்றியது. நான் முடித்ததும் அவர் கையைத் துண்டில் துடைத்தார்.

“தெரியும் மாமு” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“எனக்கப்புறம் அந்த வண்டிய ஓட்னவன் என் தோஸ்துதான். தூறல்ல ஷோக்கா ஓடுதுடா, உன்னாண்ட மட்டும் இன்னா பேஜாருன்னான். தானா சரியாவறதுக்கு அதுக்கு இன்னா ஜொரமா? யாரோ கை வச்சுக்கீறாங்கன்னு அப்பவே புரிஞ்சிட்ச்சு. அந்த டிப்போல ஒயர்ல கை வக்கிறது நீ ஒர்த்தன்தான்.”

ஏன் வந்து கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா? நீ இல்லன்னுவ. அப்பால இன்னா பண்றது?”

மன்னித்துக்கொள் என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. பஞ்சவர்ணக்கா என் மூஞ்சியப் பாத்துப் பேசி பத்து வருசம் மேல ஆவுது. தூங்கிக்கினு ஓட்டிட்டேன்னு நெனச்சுக்கினு கீது. குப்பமே அப்டித்தான் நெனச்சுக்கினு கீது. வா, அதாண்ட சொல்லு.”

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினார். ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் போனோம். குப்பத்தில் பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

தரையில் உட்கார முடியாததால் பஞ்சவர்ணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் சாத்தியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். துலுக்காணம் வைப்பரைப் போட்டார், அது நின்றதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். எர்த், லோடு என்ற சொற்கள் அவருக்குப் புரியவில்லை. கையாலேயே காட்டினேன். கண்ணாடியின் மேல் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும், தூக்கிவிட்டுப் பார்த்தேன், அதனால் தெரியவில்லை என்றேன். கருவாட்டை ஆய்வதை நிறுத்தாமலே கேட்டார். பிறகு நிறுத்தினார். வாசல் பக்கம் திரும்பி, “வெளில ஏன் நிக்கற, உள்ள வா” என்றார். துலுக்காணம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

பஞ்சவர்ணம் என்னிடம் திரும்பினார்.

“ஒழுங்காப் பாக்கணும்னா எம்மா நேரம் புடிக்கும்?”

தண்ணீர் கொண்டுவரும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம் என்றேன்.